டாப் வேரியன்ட் வேணாம்... கார் சவுண்டை நீங்களே மாத்தலாம்! ஆனா, அந்தக் கதவு மெல்ல மூடுதே?

சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22-ம் தேதியிலிருந்து 18 சதவிகிதம். அதற்கு முன்பு 28, அதன் தலையில் செஸ் வேறு. முதல் கார் வாங்க நினைத்தவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால், மிச்சமான பணத்தை என்ன செய்யலாம் என்று ஷோரூமில் நம்மை யோசிக்க விடமாட்டார்கள். ``இன்னும் கொஞ்சம் போட்டா டாப் வேரியன்ட் சார். சன்ரூஃப் வருது, பிராண்டட் சவுண்டு சிஸ்டம் வருது'' என்று விலைப்பட்டியல் நம் பக்கம் திரும்பும்.

இந்த `பிராண்டட் சவுண்டு' சமாசாரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஹூண்டாய் க்ரெட்டாவின் மேல் வேரியன்ட்களில் போஸ், மஹிந்திரா எக்ஸ்.யு.வி 700-ல் சோனி, டாடா கார்களில் ஹர்மான், ஜே.பி.எல் என்று ஆளுக்கொரு பெயர். கீழ் வேரியன்ட்டும் அதே கார்தான், அதே கதவுதான். ஆனால், அந்தக் கதவுக்குள் இருப்பது லேசான காகிதக் கூம்பும், அதன் பின்னால் ஒரு சின்ன காந்தமும், பிளாஸ்டிக் கூடும்தான். சில கார்களின் அடிப்படை வேரியன்ட்டில் அதுவும் கிடையாது. வயர் மட்டும் கதவு வரை வந்து நிற்கும்.

அதாவது, உங்கள் காரில் பாட்டு சொதப்பலாகக் கேட்பது பெரும்பாலும் இன்ஜினீயரிங் குறைபாடு அல்ல, விலைப்பட்டியல் எடுத்த முடிவு. கம்பெனிக்கு நல்ல சவுண்டு கொடுக்கத் தெரியாமல் இல்லை, அடுத்த வேரியன்ட்டுக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல செய்தி என்னவென்றால், இரண்டு வேரியன்ட்டுகளுக்கு இடையே இருக்கும் விலை வித்தியாசத்தில் ஒரு சின்னப் பங்கு இருந்தாலே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நீங்களே இதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதில்தான் நிறைய பேர் பணத்தைக் கொட்டிவிட்டு வருகிறார்கள்.

50 வாட் × 4... நிஜமாவா?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி.ரோட்டுக்குப் போனால், கார் ஆக்ஸசரீஸ் கடைகள் வரிசையாக இருக்கும். எல்லா ஊரிலும் இப்படி ஒரு தெரு உண்டு. கடையில் முதலில் காட்டுவது பெரும்பாலும் பெரிய டச் ஸ்கிரீன் ஆண்ட்ராய்டு செட். `50 வாட் × 4' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 25.9 வருகிறது. செட்டுக்குள் இருக்கும் சாதாரண ஆம்ப் சிப், உடையாத சுத்தமான ஒலியாக ஒரு ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய உச்சபட்சமே அந்த 25.9 வாட்தான். வெப்பம், இழப்பு எல்லாம் போக, கையில் கிடைப்பது 20 வாட்டை ஒட்டி. கம்பெனி செட்டிலும் இதே கதைதான், 8,000 ரூபாய் ஆண்ட்ராய்டு செட்டிலும் இதே கதைதான். இயற்பியல் டிஸ்கவுன்ட் தராது!

ஆக, செட்டை மாற்றினால் ஸ்கிரீன் பெரிதாகும், சவுண்டு பெரிதாகாது. இந்தப் பட்டியலில் செட் மாற்றுவதை நான் கடைசியில்தான் வைப்பேன், முடிந்தால் வைக்கவே மாட்டேன்.

செலவே இல்லாத ஒரு வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பாட்டு ஆப்பில் ஸ்ட்ரீமிங் தரம் `ஆட்டோமேட்டிக்'கில் இருந்தால் அதை மேலே ஏற்றுங்கள். ஆப்பில் ஒரு ஈக்வலைசர், போனில் ஒன்று, காரில் ஒன்று என்று மூன்று இருக்கும். காரில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். புளூடூத்தில் கேட்கிறீர்கள் என்றால் போன் வால்யூமை கிட்டத்தட்ட முழுசாக வைத்து, காரில் கூட்டிக் குறையுங்கள். கேபிளில் கார்ப்ளே அல்லது ஆண்ட்ராய்டு ஆட்டோ போட்டு அதே பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு வித்தியாசம் இங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்பீக்கருக்கு முன்னால் கதவு

ஒரு ஸ்பீக்கர் முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் அதே அளவு இழுக்கிறது. முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் எதிரெதிர். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதுவும் குறிப்பாக பேஸ் அலைகள். வீட்டு ஸ்பீக்கருக்கு ஏன் மரப்பெட்டி போடுகிறார்கள் என்றால் இதற்காகத்தான்.

காரில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்ய வேண்டியது கதவு. ஆனால், டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். உள் தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், பவர் விண்டோ மோட்டார் மாட்டுவதற்காக விட்டவை. அதை மறைக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். பெட்டியில் ஜன்னல் திறந்து கிடந்தால் எப்படி பேஸ் வரும்? வெளித் தகடு வேறு மெல்லிசு. ஸ்பீக்கர் அடிக்கிற அடிக்கு அதுவும் கூடச் சேர்ந்து அதிரும். நீங்கள் `ஸ்பீக்கர் கிழியுது' என்று நினைப்பது பல நேரங்களில் கதவு கதறுகிற சத்தம்.

அதனால் முதல் செலவு, டேம்பிங் ஷீட். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர். வாங்கும்போது `பியூட்டைல்' என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைக்கும் தார் ஷீட்டை ஒட்டிவிட்டு, மே மாத வெயிலில் காரை மொட்டை வெயிலில் நிறுத்தினால், அது உருகி வழியும், காருக்குள் ரோடு போடுகிற வாசனை வரும். பார்த்ததும் கண்டுபிடிக்க முடியாது, முகர்ந்து பாருங்கள்.

வேலை இதுதான். டோர் பேடின் ஸ்க்ரூக்கள் கைப்பிடிக்குப் பின்னால், ஆர்ம்ரெஸ்ட் அடியில் மூடி போட்டு ஒளிந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரத்து க்ளிப்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் பெயின்ட் போகும். இரண்டு மூன்று க்ளிப் உடைந்தே தீரும் என்பதால், முன்கூட்டியே பத்து க்ளிப் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே தூசியைத் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப் பசையை எடுத்த பிறகு, வெளித் தகட்டின் உட்புறத்தில் நடுவே ஷீட்டை ஒட்டி, ரோலரால் அழுத்துங்கள். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை. கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மூடினாலே அதிர்வு அடங்கிவிடும். விரலால் தட்டிப் பார்த்தால் `டங்' என்றிருந்தது `டொப்' என்று மாறும். மிச்ச ஷீட்டை உள் தகட்டின் ஓட்டைகளை மூட வையுங்கள். கதவுக்கு எடை ஏற்றி, கடைக்காரருக்கு லாபம் ஏற்றுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது லீக் இல்லை, டிசைனே அப்படித்தான். கதவின் அடி விளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக அது வெளியேறிவிடும். அந்த ஓட்டைகளை ஷீட் போட்டு அடைத்துவிட்டால், ஐப்பசி மழையில் கதவு ஒரு குடம் மாதிரி ஆகிவிடும். அப்புறம் துரு. ஒட்டி முடித்ததும் ஒரு சொம்பு தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு டோர் பேடை மாட்டுங்கள்.

சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணர்வதற்காகக் கதவுக்குள் அழுத்த சென்சார் இருக்கிறது. இடிபடும்போது கதவுக்குள் காற்றழுத்தம் சட்டென்று மாறுவதை வைத்து அது ஏர்பேக்குக்குத் தகவல் சொல்லும். உங்கள் காரில் இது இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால், அந்தக் கதவின் உள் தகட்டில் கை வைக்காமல் இருப்பதே சரி. பாட்டை விட உயிர் பெரிது.

இனிமேல்தான் ஸ்பீக்கர்

முன் கதவுகளில் வழக்கமாக 6.5 இன்ச் ஸ்பீக்கர் உட்காரும். கம்பெனி செட்டிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால், பெட்டியில் `300 வாட்' என்று போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். சென்சிட்டிவிட்டி என்ற ஒரு எண் இருக்கும், டெசிபலில். அதைப் பாருங்கள். ஒன்று 88, இன்னொன்று 91 என்று வைத்துக்கொள்வோம். மூன்றே டெசிபல் வித்தியாசம்தான், ஆனால் 88 ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 91 ஸ்பீக்கருக்கு 20 வாட்டிலேயே வந்துவிடும். நம்மிடம் இருப்பதே 20 வாட்தான் என்று மேலே கணக்குப் போட்டோம் இல்லையா?

ஓம் 4-ஆகவே இருக்கட்டும். 2 ஓம் ஸ்பீக்கரை கம்பெனி செட்டில் மாட்டினால் உள்ளே இருக்கும் சிப் சூடாகி செத்துப்போக வாய்ப்பு உண்டு. ஸ்பீக்கரின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். பெரிய காந்தம் வைத்த ஸ்பீக்கரை ஆசையாக மாட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கும்போது `டக்' என்று இடிக்கும். அதற்கு அடியில் வைக்கும் ஸ்பேசர் ரிங்கை எம்.டி.எஃப் மரத்தில் செய்தால், ஈரத்தில் ஊறி உப்பிவிடும், பிளாஸ்டிக்கே நல்லது.

ப்ளஸ், மைனஸ் மாறினால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும், பேஸ் காணாமல் போய்விடும். எது ப்ளஸ் என்று சந்தேகமாக இருந்தால், ரிமோட்டில் இருக்கும் 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் ப்ளஸ் தொட்ட முனைதான் ப்ளஸ்.

வயரை மட்டும் வெட்டாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே கப்ளர் கிடைக்கும். ஒரு பக்கம் கம்பெனி சாக்கெட், மறுபக்கம் புது ஸ்பீக்கர். வேலை சுலபம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, காரணம் கீழே வருகிறது.

பின்பக்கத்து ட்ரேயில் இரண்டு 6×9 ஓவல் ஸ்பீக்கர் போடுவது நம் ஊரில் ஒரு பாரம்பரியம் மாதிரி ஆகிவிட்டது. கச்சேரிக்குப் போனால் மேடைக்கு முதுகு காட்டியா உட்காருகிறோம்? ஓட்டுபவருக்குக் குரல் முன்னாலிருந்து வர வேண்டும். அந்தப் பணத்தை முன் கதவில் போட்டு, பின் ஸ்பீக்கரை ஃபேடரில் குறைத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பின் சீட்டில் தினமும் குழந்தைகள் வருகிறார்கள் என்றால் மட்டும் வேறு கணக்கு.

பேஸ் இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு, சீட்டுக்கு அடியில் தட்டையாக உட்காரும் சப்-வூஃபர் போதும். ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும், டிக்கியும் காலியாகவே இருக்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் எங்கே நடந்து போகிறது என்பது அப்போதுதான் காதுக்குத் தெரியும். ஆனால், இதற்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ-க்குள் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்கு அல்ல, வயர் எங்காவது தகட்டில் உரசினால் கார் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. மலிவான வயர் கிட்களில் செம்பு முலாம் பூசிய அலுமினியம்தான் இருக்கும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கப்ளர்கள் இருக்கும். ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டவை. அதைத் தொடக் கூடாது, தள்ளி வைக்கக்கூட முயற்சி செய்யாதீர்கள். மின்சார கார் என்றால் ஆரஞ்சு நிற வயரும் அதே மாதிரி. அது ஷாக் அடிக்கும் வயர் அல்ல, ஆளைக் கொல்லும் வயர்.

மூடிக்கொண்டே வரும் கதவு

இவ்வளவும் செய்ய முடிகிறது என்றால், அதற்கு ஒரு பழைய ஏற்பாடு காரணம். கார் ஸ்டீரியோவுக்கான டேஷ்போர்டு ஓட்டை 180-க்கு 50 மி.மீ என்று ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பான டின் வகுத்தது. உலகமே அதைப் பின்பற்றியது. அதன் இரட்டிப்பு உயரம்தான் `டபுள் டின்'. எந்தக் கம்பெனி கார், எந்தக் கம்பெனி செட் என்பதெல்லாம் பிரச்னையே இல்லை. பழையதை உருவி, புதியதைச் சொருகினால் முடிந்தது. ஜி.பி.ரோடு மாதிரியான தெருக்கள் வாழ்ந்ததே அந்த ஓட்டையால்தான்.

இப்போது வரும் கார்களில் அந்த ஓட்டை இல்லை. அகலமான ஸ்கிரீன் ஒன்று டேஷ்போர்டோடு சேர்ந்தே வருகிறது. ஏ.சி அதற்குள், 360 டிகிரி கேமரா அதற்குள், லேன் அசிஸ்ட் செட்டிங் அதற்குள். அதைக் கழற்றினால் பாட்டு மட்டும் போகாது, காரின் பாதி மூளையும் போகும். இன்னும் மேலே போனால், சில கார்களில் செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டு டிஜிட்டலாகவே போகிறது. ஏ2பி என்ற தொழில்நுட்பத்தில் இரண்டே முறுக்கு வயரில் பல சேனல் ஒலி போகும். வெளியிலிருந்து ஒரு ஆம்ப்பைக் கொண்டுவந்து நடுவில் மாட்ட வேண்டுமென்றால், அதற்கென்று தனி இன்டர்ஃபேஸ் வேண்டும்.

சாஃப்ட்வேரும் தன் பங்குக்கு விளையாடுகிறது. சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க, வால்யூம் ஏற ஏற பேஸைத் தானாகவே வெட்டும்படி பல கம்பெனி செட்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் நல்ல ஸ்பீக்கர் மாட்டினாலும், செட்டுக்கு அது தெரியாது, பழைய ஸ்பீக்கர் என்றே நினைத்து வெட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து, டி.எஸ்.பி வைத்த ஆம்ப். ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னலை எடுத்து, வெட்டியதை ஓரளவு நிமிர்த்தி, புது ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். நல்ல தீர்வுதான், ஆனால் பட்ஜெட் இங்கே எகிறும். ட்யூன் செய்ய மைக்கும் லேப்டாப்பும் பொறுமையும் வேண்டும்.

மஹிந்திரா பி.இ.6, எக்ஸ்.இ.வி 9இ மின்சார கார்களை 2024 நவம்பரில் சென்னையில்தான் அறிமுகம் செய்தார்கள். மேல் வேரியன்ட்டில் 16 ஸ்பீக்கர் ஹர்மான் கார்டன், டால்பி அட்மாஸ். மஹிந்திராவின் மின்சார கார்களுக்கான ஒலிகளை உருவாக்கியவர் ஏ.ஆர்.ரஹ்மான். கேட்க அருமையாக இருக்கலாம். ஆனால் இந்த மாதிரி காரில் கதவு, ஸ்பீக்கர், ஆம்ப், சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே பொட்டலம். கீழ் வேரியன்ட் வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவரோடு உட்காருபவருக்கு அந்தப் பொட்டலத்தில் பெரிதாக இடமில்லை. நல்ல சவுண்டு என்பது ரசிகன் தேடிப் பிடிக்கும் விஷயமாக இருந்தது, இனி பில் போடும்போதே முடிவாகிற விஷயமாக மாறுகிறது.

வாரன்ட்டி போயிடுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. `வெளியே கை வைத்தால் வாரன்ட்டி காலி' என்று ஒரே வரியில் பயமுறுத்துவார்கள். 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய `ரைட் டு ரிப்பேர்' தளத்திலும் வாகனத் துறை இடம்பெற்றிருக்கிறது.

ஆனால், இவையெல்லாம் பேசுவது ரிப்பேரைப் பற்றி. நாம் செய்வது மாற்றம். அந்த இடைவெளியில்தான் சர்வீஸ் அட்வைசருக்கு வசதி. வயரை வெட்டி ஒட்டியிருந்தால், நாளைக்கு பவர் விண்டோ வேலை செய்யாவிட்டாலும் `நீங்க வயரைத் தொட்டிருக்கீங்க' என்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. கப்ளரில் மாட்டியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைத் தூக்கிப்போடாமல் பரணில் வைத்திருங்கள். காரை விற்கும்போதும் உதவும், பழையதை மாட்டிவிட்டுப் புதியதை அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம்.

ஆர்.டி.ஓ பயம் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத்தான் தடுக்கிறது. இன்ஜின், எரிபொருள், சீட் எண்ணிக்கை மாதிரியானவை. கதவு ஸ்பீக்கர் அந்தக் கணக்கில் வராது. இன்ஷூரன்ஸ்தான் பலர் கோட்டைவிடும் இடம். நீங்களாக மாட்டிய எலெக்ட்ரிக்கல் பொருள்களைத் தனியாகச் சொல்லி பாலிசியில் சேர்க்க வேண்டும். வழக்கமாக அவற்றின் மதிப்பில் 4 சதவிகிதம் கூடுதல் பிரீமியம். 20,000 ரூபாய்க்கு மாட்டியிருந்தால் வருடத்துக்கு 800 ரூபாய். சொல்லாமல் விட்டால், திருடு போனாலும் வெள்ளத்தில் போனாலும் போனதுதான். பில்லைப் பத்திரமாக வையுங்கள், பில் இல்லாத கடையில் வாங்காதீர்கள்.

காதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். ஓ.எம்.ஆர் டிராஃபிக்கில் தினமும் இரண்டரை மணி நேரம் உட்காருபவர் காருக்குள் வால்யூமை ஏற்றுவது பெரும்பாலும் பாட்டுக்காக அல்ல, வெளிச் சத்தத்தை அமுக்குவதற்காக. டேம்பிங் போட்டு ஓட்டைகளை மூடிய கதவு வெளிச் சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். முன்பு 25-ல் வைத்தவர் 18-ல் நிறுத்திக்கொள்ளலாம். ஸ்பீக்கருக்கு முன் கதவு என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

புதிதாக கார் புக் செய்யப்போகிறவர்கள், டெஸ்ட் டிரைவின்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். நீங்கள் வாங்கப்போகும் வேரியன்ட்டில் நான்கு கதவுக்கும் ஸ்பீக்கர் வயர் வந்திருக்கிறதா? ஆம்ப் செட்டுக்குள்ளேயே இருக்கிறதா, தனியாக இருக்கிறதா? சேல்ஸ்மேனுக்குத் தெரியாமல் இருக்கலாம், வொர்க்‌ஷாப்பில் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். வயர் இருந்து, ஆம்ப் செட்டுக்குள் இருந்தால் அது நீங்களே கை வைக்கக்கூடிய கார். டெஸ்ட் டிரைவுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் டாப் வேரியன்ட்டாகத்தான் இருக்கும், அதில் பாட்டு கேட்டுவிட்டுக் கீழ் வேரியன்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.